வரிசையில் குறுக்கே புகுந்தவள்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று புதிதாக ஒருவர் வண்டி பழக வந்தார். பல் டாக்டர். நாற்பதைத் தாண்டிய பெண். எத்தனையோ பேருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கை, ஸ்டியரிங்கைத் தொட்டதும் வெடவெடவென்று நடுங்குகிறது. "மூச்சை இழுத்து விடுங்க டாக்டர், ஒண்ணும் ஆகாது" என்றேன். "நானும் எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்றேன். பொய்னு எனக்குத் தெரியும் மேடம்" என்றார்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் எனக்கு ஆரம்பித்துவிட்டது. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி சூடு. கழுத்து, காது, மண்டை என்று ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். கைக்குட்டையைப் பிழிந்தால் ஒரு தம்ளர் தேறும். வெள்ளைக் காரில் ஏசி கிடையாது. டாக்டர் பயந்துபோய் வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார். பின்னால் ஹாரன் மழை.

"நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்?"

"இல்ல டாக்டர், காத்து வாங்கறேன்."

வேறென்ன சொல்வது? போன வருடம் இடது மார்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தது. இப்போது தினமும் ஒரு மாத்திரை. மாதம் ஒரு முறை வயிற்றில் ஊசி. "உங்க கட்டிக்கு ஹார்மோன்தான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை நிறுத்தறோம், அவ்வளவுதான்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அவ்வளவுதானாம். கட்டியைப் பட்டினி போடுவதற்காக என் கருப்பையையும் சினைப்பையையும் தூங்கவைத்திருக்கிறார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. உள்ளே ஐம்பது.

இந்த டிரைவிங் ஸ்கூலில் யாருக்கும் தெரியாது. ஜனவரியில்தான் சேர்ந்தேன். பழைய ஸ்கூலில் எல்லோருக்கும் தெரியும்; அதனால்தான் அங்கிருந்து வந்தேன். அங்கே யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "எப்படிம்மா இருக்கே?" என்பார்கள். டீ வேணுமா என்பதைக்கூடத் தலையைச் சாய்த்துத்தான் கேட்டார்கள்.

பிப்ரவரி 14

ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டு நின்றுகொண்டிருந்தேன். இவர் பின்னால் வந்து, "என்ன தேடற?" என்றார். "குளிர்காலத்தை" என்றேன். கதவு மூடிக்கொள்ளாமல் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக், கதவு பிடிப்பதில் அனுபவம் உண்டு.

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா வந்தாள். அக்காவுக்கு நாற்பத்தேழு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று அவளுக்கு இப்போதுதான் தள்ளித் தள்ளி வர ஆரம்பித்திருக்கிறது. நடுவில் சூடு, எரிச்சல், தூக்கமின்மை. எல்லாம் என்னுடையது போலவேதான். நான் என் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"அதெப்படிடி? நான் ஒழுங்கா வரிசையில நிக்கறேன். பதிமூணு வருஷம் சின்னவ நீ, குறுக்க பூந்து முன்னாடி போயிட்டியே!"

"வேணும்னா என் இடத்தை நீ எடுத்துக்கோ."

"வேணாம் தாயே, நீயே வச்சிக்கோ." சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது போல. என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே விட்டுவிட்டாள். இருவர் கையும் கொதித்தது.

ஃபேனுக்கு நேரே யார் உட்காருவது என்று கடைசிவரை தகராறு. இருவருமே உட்கார்ந்தோம். இவர் எதிர்ப்பக்கம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மார்ச் 6

ஊசி நாள். ஊசி என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆணி. நர்ஸம்மா வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, "சும்மா எறும்பு கடிச்ச மாதிரி" என்றார். எந்தக் காட்டு எறும்பு என்று கேட்டேன். சிரித்த வேகத்தில் குத்திவிட்டார்.

ஆஸ்பத்திரி டாக்டரிடம் அதே கேள்வியை இந்தத் தடவையும் கேட்டேன். குழந்தை? கீமோவுக்கு முன்னால் கருமுட்டை எடுத்து வைக்க அவகாசமில்லை, கட்டி அவசரப்பட்டது. "ரெண்டு வருஷம் போகட்டும்மா. எல்லாம் நல்லா இருந்தா மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம். ஆனா வாக்கு குடுக்க மாட்டேன்" என்றார். நல்ல மனிதர். அந்தப் 'பார்க்கலாம்' என்ற ஒற்றைச் சொல்லை வீடு வரும் வரைக்கும் மென்றுகொண்டே வந்தேன்.

மார்ச் 19, புதன்

என்ன செய்து வைத்திருக்கிறேன் நான்!

காலையில் ஒருவர் ரிவர்ஸ் எடுக்கும்போது குப்பைத்தொட்டியை இடித்தார். குப்பைத்தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அழுதேன். அப்படியே பொங்கிப் பொங்கி, அந்தக் குப்பைத்தொட்டி என் கூடப் பிறந்தது மாதிரி. இந்த மாத்திரை வேலை. இன்ன காரணம்தான் என்றில்லை. ஆபீசுக்கு வந்து முகம் கழுவினேன். ஐஸ் டப்பாவிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் முதலாளியம்மா.

முதலாளியம்மா கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். அவர் ஆபீசுக்குள் கூப்பிட்டால் தெருமுனையில் பழகுகிற வண்டி பிரேக் போடும். அந்தக் குரலைத் தாழ்த்தி, "எத்தனை மாசம்?" என்றார்.

வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம் என்று கேட்கிறார், சம்பளம் கூட்டப்போகிறார் போல என்று நினைத்தேன். "மூணாவது மாசம்மா" என்றேன் உற்சாகமாக.

கட்டிப்பிடித்துக்கொண்டார்! "நினைச்சேன்! அழுகை, வேர்வை, ஐஸைக் கடிக்கறது... ரெண்டு பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். வாயில் ஐஸ்.

அது கரைவதற்குள் அடுத்த உத்தரவு வந்துவிட்டது. "இனிமே இந்தப் பொண்ணு வெள்ளை வண்டில போகக் கூடாது. ஏசி வண்டி இவளுக்கு."

ஏசி வண்டி மீசைக்காரருடையது. மூத்த மாஸ்டர். மீசையின் இரு நுனிகளும் சேர்ந்தாற்போல் கீழே இறங்கின.

மார்ச் 20

இவரிடம் சொன்னேன். "நாளைக்கே உண்மையைச் சொல்லிடு" என்றார். "சொல்லலாம். ஆனா ஏசி..." என்றேன். சற்று யோசித்துவிட்டு, "நாளன்னிக்குச் சொல்லு" என்றார்.

ஏப்ரல் 2

சொல்லவில்லை. வெளியே வெயில் பிளக்கிறது. உள்ளே பதினெட்டு டிகிரி. டாக்டர் பல் கிட்டிக்கொண்டு ஓட்டுகிறார். "குளிருதா?" என்றேன். "பல்லு ஆடறதுக்கும் நடுங்கறதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும் மேடம். இது குளிர்தான்" என்றார். குறைக்கவில்லை.

ஏப்ரல் 16

பொய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. நான் சோறு போட வேண்டியதே இல்லை. மாத்திரையால் எடை ஏறி வயிறு முன்னால் வந்திருக்கிறது. சரியான நேரத்தில், சரியான இடத்தில். முதலாளியம்மா அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுகிறார். மீசைக்காரர் வெள்ளைக் காரிலிருந்து ஆவியில் வெந்தவர் மாதிரி இறங்குகிறார். அப்படியும் எனக்காக எலுமிச்சம்பழம் வாங்கி வந்து வைக்கிறார். "புளிப்பா இருந்தா நல்லாருக்கும்ல, தங்கச்சி." அந்தப் பழத்தைப் பார்க்கவே கூசுகிறது.

ஏப்ரல் 24

இன்று மீசைக்காரர் கேட்டார். "பையன் வேணுமா, பொண்ணு வேணுமா?"

"பொண்ணு" என்றேன்.

ஒரு நொடி யோசிக்கவில்லை. நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. பெண்தான், சுருட்டை முடி, இவருடைய பெரிய காது - எல்லாம் இருக்கிறது. அவள் மட்டும்தான் இல்லை.

கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதற்கு மாத்திரையைக் குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 28

மூன்று நாளாக மாத்திரை போடவில்லை. கையில் எடுக்கிறேன். பார்க்கிறேன். திரும்ப வைத்துவிடுகிறேன். இத்தனை சின்ன வெள்ளை வட்டம் என்னை என்னென்ன செய்கிறது! எனக்கு வேண்டாம் போ. சூடும் வேண்டாம், அழுகையும் வேண்டாம், மூட்டு வலியும் வேண்டாம். எனக்கு நான்தான் வேணும். கேட்கிறதுக்கு யார் இருக்கா?

இவர் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கோபம் மாத்திரை மேலயா, என் மேலயா?"

"எல்லார் மேலயும்."

"சரி. என் மேல படு, எவ்வளவு வேணா படு. மாத்திரை மேல மட்டும் படாத. எனக்கு நீ வேணும். மத்ததெல்லாம் அப்புறம்." வேலை விட்டு வந்த சட்டை, கிரீஸ் வாசம். அந்தச் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து தந்தார். போட்டுக்கொண்டேன்.

மே 8

மூளைக்குள் பஞ்சு. காலையில் 'சீப்பு' என்ற சொல் வரவில்லை, "முடி வாருற அந்த... ரம்பம்" என்றேன். இவர் எடுத்துத் தந்தார்.

வண்டியில் விஷயம் சிரிப்போடு நிற்கவில்லை. இடது பக்கம் கையைக் காட்டி, "வலது திரும்புங்க" என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் கையைப் பார்ப்பாரா, வாயைக் கேட்பாரா? கேட்டார். திரும்பினார். எதிரே பெட்டி பெட்டியாக முட்டை ஏற்றிய வண்டி. என் பக்கமும் ஒரு பிரேக் இருப்பதால் இன்று இதை எழுதுகிறேன். முட்டைக்காரர் எங்கள் இருவர் குடும்பத்தையும் விசாரித்துவிட்டுப் போனார்.

ஓரமாக நிறுத்தினோம். குலுங்கிய குலுக்கலில் என் பை கவிழ்ந்து எல்லாம் காலடியில். டாக்டர் குனிந்து மாத்திரை அட்டையை எடுத்தார். பெயரைப் படித்தார். என் வயிற்றைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"மேடம், என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு கேட்காம நான் யார் வாயிலயும் கை வைக்க மாட்டேன். அதனால இது எனக்குத் தெரியும். கர்ப்பமா இருந்தா இதைத் தொடவே கூடாது. ரெண்டுல ஒண்ணு பொய். எது?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். வண்டி நின்றபடி, ஏசி ஓடியபடி.

அவர் தலையைச் சாய்க்கவில்லை. கவனித்துப் பார்த்தேன், கழுத்து நேராகவே இருந்தது. "அப்போ ஏசிக்காகவா?" என்றார்.

"ஏசிக்காகத்தான்."

"நியாயம்தான்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். நானும். கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா பிரசவ தேதி வருமே மேடம், அப்ப என்ன பண்ணுவீங்க?" என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை.

மே 9

யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அக்காவிடம் போனில் கேட்டேன். "என் சின்னவனைக் கூட்டிட்டுப் போயி காட்டு" என்றாள். சின்னவன் கல்லூரி முடித்துவிட்டான்.

மே 27, செவ்வாய்

முடிந்தது. எல்லாம் முடிந்தது.

காலையில் ஸ்கூல் வாசலில் கால் வைக்கிறேன், வெள்ளைக் காரின் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டி ஒரு தொட்டில் வந்து இறங்குகிறது. மரத்தொட்டில். புதிதாக மஞ்சள் பெயிண்ட். முதலாளியம்மாவின் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்த தொட்டிலாம். பெயிண்ட் அடித்தது மீசைக்காரர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க. மீசையிலும் மஞ்சள்.

"உனக்குத்தான்!" என்றார் முதலாளியம்மா. தெரு முழுக்கக் கேட்டது.

இதற்கு மேல் முடியாது. தொட்டிலை மீசைக்காரர் ஒற்றையாளாகத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் சொன்னேன். "அம்மா, நான் கர்ப்பமில்ல. எனக்கு மார்புல கேன்சர் வந்துச்சு. ஆபரேஷன் ஆயிடுச்சு. இந்த அழுகை, வேர்வை, வயிறு எல்லாமே மாத்திரையாலதான். நீங்க மாசம் கேட்டப்ப வேலைக்குச் சேர்ந்த மாசம்னு நினைச்சுச் சொல்லிட்டேன். அப்புறம் ஏசி குடுத்தீங்க... சொல்ல மனசு வரல."

முதலாளியம்மா இருந்த இடத்திலேயே படியில் உட்கார்ந்தார். நான் வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னைப் பார்த்தா சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"சொன்னா எல்லாரும் தலையைச் சாய்க்கறாங்கம்மா."

"என்ன சாய்க்கறாங்க?"

செய்து காட்டினேன். கன்னத்தைத் தோளில் வைத்து, புருவத்தைக் கூட்டி, "எப்படிம்மா இருக்கே?" என்று. அவர் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டுமாக வந்தது. "அப்ப குழந்தை?" என்றார்.

"இப்போதைக்கு இல்லம்மா. பிறகும் உண்டான்னு தெரியல."

அழுதார். அவரைத் தேற்ற நானும் படியில் உட்கார்ந்தேன். முந்தின நிமிடம்வரை குற்றவாளி. இப்போது முதலாளியின் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறேன். அவருடைய கழுத்தெல்லாம் வியர்வை வழிந்தது. "எனக்கும் போன வருஷத்துலருந்து இதே எரிச்சல்தாண்டி" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எல்லாரும் என்னைக் கோபக்காரின்னு நினைக்கறாங்க. நினைச்சிட்டுப் போகட்டும்னு நானும் விட்டுட்டேன்."

தலைக்குமேல் தொட்டிலோடு நின்ற மீசைக்காரர் மெல்லக் கேட்டார்: "அப்போ அந்த ஏசி வண்டி...?"

"வாயை மூடிட்டு அதைக் கீழ வைய்யா!"

வண்டி எனக்கே. நான் போதும் போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை.

மே 28

மீசைக்காரருக்கு வெள்ளைக் காரில் வைக்க ஒரு சின்ன ஃபேன் வாங்கிக் கொடுத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி ஃபேனுக்கு முன்னால் தலையைக் காட்டிவிட்டு, "பொண்ணு வேணும்னு சொன்னியே தங்கச்சி, அது மட்டும் நிஜம்தானே?" என்றார்.

"ஆமாண்ணா."

"சரி" என்றார்.

ஜூலை 3

டாக்டருக்கு லைசென்ஸ் டெஸ்ட். எட்டு போட்டார், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தார், ரிவர்ஸில் ஒரு கம்பத்தையும் தொடவில்லை. கையெழுத்துப் போட்ட அதிகாரியிடம், "உங்க கீழ்வரிசையில ஒரு சொத்தை இருக்கு சார், உடனே பாருங்க" என்றார். பாஸ்.

நவம்பர் 19

இன்று முழுக்க ஒரு தடவைகூட அழவில்லை. இரவு படுக்கும்போதுதான் கவனித்தேன். முழங்கால் மட்டும் படியேறும்போது கதவு கீல் மாதிரி சத்தம் போடுகிறது. இவர் எண்ணெய் விடட்டுமா என்கிறார்.

பிப்ரவரி 25

புது டைரி. நடுவில் ஒரு வருடம் சரியாக எழுதவில்லை. எழுத ஒன்றும் நடக்கவில்லை என்பதே நல்ல செய்தி.

இன்று நடந்தது. ஸ்கேன், ரத்தம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டர் பேனாவை மூடினார். "நிறுத்திப் பார்க்கலாம்" என்றார். கொஞ்ச காலம்தான்; அப்புறம் மறுபடியும் மாத்திரைக்கு வந்தாக வேண்டும். மருந்து உடம்பை விட்டு இறங்க மூன்று மாதம் போக வேண்டும், அதுவரை அவசரப்படக் கூடாது. அதற்குப் பிறகும் சினைப்பை விழிக்கலாம்; கீமோவில் களைத்ததால் விழிக்காமலும் போகலாம். "ரெண்டுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கோங்க" என்றார்.

ஒரே மனசை இரண்டுக்கும் எப்படித் தயார் பண்ணுவது? வெளியே வந்து இவரிடம் கேட்டேன். "ஆளுக்கு ஒண்ணா தயாராவோம். நீ எதுக்கு ஆகற?" என்றார்.

"நீங்க கெட்டதுக்கு ஆகுங்க. உங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி."

"சரி" என்றார். லிஃப்டுக்குள் ஏறியதும் பார்த்தேன். மனிதர் வாயெல்லாம் பல். கெட்டதுக்குத் தயாராகிற முகமா அது?

ஜூன் 10

ஒன்றுமில்லை.

ஜூலை 22

ஒன்றுமில்லை. சூடு மட்டும் குறைந்திருக்கிறது. நேற்று போர்வை கேட்டேனாம். இவர் ஊருக்கெல்லாம் சொல்கிறார்.

ஆகஸ்ட் 13

அக்கா போனில், "வந்துச்சா?" என்றாள். இல்லை என்றேன். "எனக்கு முழுசா நின்னு ஒரு வருஷம் ஆச்சுடி" என்று சொல்லிவிட்டு, உடனே பேச்சை மாற்றிச் சமையலைப் பற்றிக் கேட்டாள். அக்காவுக்குச் சமையலில் அக்கறையே கிடையாது.

டாக்டர் அடுத்த மாதம் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். இவர் இரண்டு வாரமாகச் சிரிப்பதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். இப்போதுதான் தயாராகிறார் போல.

செப்டம்பர் 1, புதன்

காலை ஆறரைக்கு வகுப்பு. குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் ஒரு பிடி. காலை சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் இன்னும் சாப்பிடவே இல்லை என்று உறைத்தது.

பார்த்தேன். மறுபடி பார்த்தேன். விளக்கைப் போட்டும் பார்த்தேன்.

"என்னங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் இவர் கையில் ஸ்பேனரோடு ஓடிவந்தார். எதற்கு ஸ்பேனர் என்று இருவருக்கும் தெரியாது. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "விழுந்துட்டியா?" என்றார்.

"வந்துடுச்சு."

"யாரு?"

அப்புறம் புரிந்தது அவருக்கு. ஸ்பேனர் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு மூக்கு உறிஞ்சுகிற சத்தம்.

வீட்டில் ஒரு நாப்கின் பாக்கெட்கூட இல்லை. எப்போதோ எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. கடைக்கு ஓடினார். அங்கிருந்து போன் செய்து, "சின்னதா, பெருசா, நைட்டுக்கா, பகலுக்கா, இறக்கை வச்சதா, வைக்காததா? கடைக்காரம்மா கேக்கறாங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட இதை வாங்கிய மனிதர் இல்லை. எதையாவது வாங்குங்க என்றேன். ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே காரணமில்லாமல் ஒரு பெரிய பிஸ்கட் டின்.

வகுப்புக்குப் போகவில்லை. முதலாளியம்மாவுக்குப் போன் செய்து, வயிற்று வலி, இன்று லீவு என்றேன். "என்ன வயித்து வலி?" என்று ஆரம்பித்தவர் நடுவிலேயே நிறுத்தினார். "அந்த வலியா?" என்றார், அவரால் முடிந்தவரை மெதுவாக. ஆமாம் என்றேன். "மீசை! இங்க வாய்யா!" என்று கத்தியது வரைக்கும் கேட்டது; அதன் பிறகு போனைக் கீழே வைக்க மறந்துவிட்டார்கள். நானும் வைக்காமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதனால் எதுவும் நிச்சயமாகிவிடவில்லை. தெரியும். டாக்டரும் அதையேதான் சொல்வார்.

இப்போது சோபாவில் சுருண்டு படுத்துக்கொண்டு எழுதுகிறேன். இழுத்துப் பிடித்து, இடுப்பு வரை வலிக்கிறது. முன்பெல்லாம் இதற்காக எத்தனை திட்டியிருப்பேன். வலி மாத்திரை தரட்டுமா என்று இவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் வலிக்கட்டும்.